தொப்பிக்கு எண்ணெய் தேய்த்தவன்

என் முதல் ஃபெல்ட் தொப்பியை வாஷிங் மெஷினில் போட்டுக் கொன்றேன். சிட்னிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முப்பது டாலர் கொடுத்து வாங்கிய கம்பளி ஃபெல்ட், அதாவது மயிரை நெய்யாமல் அமுக்கி இறுக்கிச் செய்த துணி. வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய துணிகளுக்கான சுற்று, அரை மூடி சோப்புத் திரவம். மெதுவாகத்தானே சுற்றப்போகிறது என்று நம்பி பட்டனை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போனேன். நாற்பது நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு கொட்டாங்குச்சி கிடந்தது. அதே நிறம், அதே ரிப்பன், ஆனால் கொட்டாங்குச்சி அளவு, கிட்டத்தட்ட அதே கெட்டி. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. மகளுடைய கரடிப் பொம்மைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. கரடி இன்றைக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது.

தொப்பி நம் ஊர்ப் பொருள் இல்லை. காங்கேயத்தில் வெயிலுக்குத் தலையில் துண்டு, கொஞ்சம் மரியாதைப்பட்டவர் என்றால் உருமால். ஃபெல்ட் தொப்பி என்று நான் சின்ன வயதில் பார்த்ததெல்லாம் சுவரொட்டியில் பகத்சிங் தலையிலும் ஜெய்சங்கரின் கவ்பாய் படங்களிலும்தான். நம் மொழியில் குல்லா போடுவது என்றாலே ஒருவரைக் காக்காய் பிடிப்பது. அந்த மரியாதையோடுதான் தொப்பியை நானும் நினைத்திருந்தேன்.

ஆஸ்திரேலிய வெயில் வேறு ரகம். இங்கே தோல் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாக வரும் நாடுகளில் ஒன்று. சட்டை போடு, கிரீம் தடவு, தொப்பி வை என்று ஒரு கடற்காகம் ஆடிப் பாடும் விளம்பரம் 1981இல் வந்தது. இன்னும் அந்தப் பாட்டைத் தெரியாதவர் இல்லை. மகள் பள்ளியில் தொப்பி கொண்டுவராத பிள்ளைக்கு மைதானத்தில் விளையாட்டு கிடையாது. என் வேலையோ நில அளவை. புறநகருக்கு அப்பால் புதிதாக மனை பிரிக்கும் பொட்டல்களில் வருடத்தில் பாதி நாள் நிற்கிறேன். தொப்பியின் விளிம்பு குறைந்தபட்சம் ஏழரை சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது இங்குள்ள புற்றுநோய்க் கழகம். பேஸ்பால் தொப்பி காதையும் பிடரியையும் காப்பாற்றாது.

ஆகவே இரண்டாவது தொப்பி. பாத்தர்ஸ்ட் என்ற ஊர்ப் பக்கம் வேலைக்குப் போனபோது, பழைய பொருட்களை அறக்கட்டளைக்காக விற்கும் கடையொன்றில், பழைய சூட்கேஸ்களுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. மணல் நிறம். உள்ளே தோல்பட்டையில் தங்க எழுத்தில் அக்குப்ரா. கேட்டில்மேன் ரகம் என்று பிறகு தெரிந்தது. புதிதாக வாங்கினால் இருநூறு டாலருக்கு மேல், இது இருபது. இருபதுக்கான காரணமும் கண்ணெதிரே இருந்தது. உச்சி ஒரு பக்கமாக உள்ளே அமுங்கியிருந்தது. விளிம்பு அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. ரிப்பனுக்கு மேலே சுற்றிலும் பழுப்பாக ஒரு வளையம். மனைவி கையில் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, “ஏங்க, இதை வெளியிலேயே வைங்க” என்றாள்.

அக்குப்ரா இங்கே கிட்டத்தட்ட தேசியச் சின்னம். 1912இலிருந்து அந்தப் பெயர் இருக்கிறது. 1974இலிருந்து தொழிற்சாலை சிட்னிக்கு வடக்கே மக்ளே ஆற்றங்கரையில் கெம்ப்ஸி என்ற சிற்றூரில். மூலப்பொருள் முயல் மயிர். முயலுக்கும் இந்த நாட்டுக்கும் உள்ள பகை தனிக் கதை. 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் விக்டோரியாவில் வேட்டைக்காக அவிழ்த்துவிட்ட சில முயல்கள் பெருகிப் பெருகி ஒரு கண்டத்தையே மேய்ந்துவிட்டன. மேற்கு ஆஸ்திரேலியாவில் அவற்றைத் தடுக்க ஆயிரம் மைலுக்கும் மேல் வேலி போட்டார்கள், வேலியையும் தாண்டின. அந்தப் பயிர்க்கொல்லியைத்தான் குடியானவர்கள் தலையில் கவிழ்த்துக்கொண்டு வயலுக்குப் போனார்கள் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

முதல் தொப்பி ஏன் செத்தது என்பதை இரண்டாவதைச் சுத்தம் செய்யப் படிக்கும்போதுதான் புரிந்துகொண்டேன். ஃபெல்ட்டில் பாவு கிடையாது, ஊடை கிடையாது, முடிச்சு கிடையாது. வெறும் மயிர். ஒவ்வொரு மயிரின் மேலும் மீன் செதிள் போல நுண்ணிய செதிள்கள் உண்டு. சூடும் ஈரமும் அழுத்தமும் தேய்ப்பும் சேர்ந்தால் அந்தச் செதிள்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நகரும். ஒரே பக்கம்தான் நகர முடியும், திரும்பி வர முடியாது. தொழிற்சாலையில் துளைகள் நிறைந்த ஒரு கூம்பின் மேல் மயிரை ஊதிப் படிய வைத்து, வெந்நீர் தெளித்து, உருட்டி உருட்டிப் பிசைகிறார்கள். முதலில் அது கடைசியில் வரும் தொப்பியைவிடப் பல மடங்கு பெரிய, தொட்டால் கிழியும் கூம்பு. சுருங்கச் சுருங்க அது இறுகுகிறது. சரியான இடத்தில் நிறுத்துவதுதான் அவர்கள் தொழில். நான் என் மெஷினில் செய்தது அவர்கள் நிறுத்திய இடத்திலிருந்து அதே வேலையைத் தொடர்ந்தது. வெந்நீர், ஈரம், உருட்டல்.

சுருக்கமாகச் சொன்னால் தொப்பி என்பது மயிர். நம் தலைமுடியில் இருக்கும் அதே கெரட்டின் என்ற புரதம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஈரத் தலையைத் துண்டால் பரபரவென்று தேய்க்காதே என்று பாட்டிகள் சொல்வது தொப்பிக்கும் பொருந்தும்.

முதல் வேலை பிரஷ். தண்ணீர் எடுக்குமுன் உலர்ந்த தூசியெல்லாம் வெளியே வர வேண்டும். இல்லையென்றால் தூசி சேறாகி உள்ளே இறங்கும். குதிரை மயிர் பிரஷ் நல்லது. மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகத் துடைக்க வேண்டும், ஏனென்றால் கடைசியாகத் தேய்த்து மெருகேற்றும்போது மயிரை அந்தத் திசையில்தான் படிய வைக்கிறார்கள். எதிர்த்திசையில் துடைத்தால் பூனையை வாலிலிருந்து தலைக்குத் தடவிய மாதிரி சிலிர்த்துக்கொள்ளும். கறுப்புத் தொப்பிக்கும் வெளிர் தொப்பிக்கும் தனித்தனி பிரஷ். பத்து நிமிடத்தில் என் தொப்பியிலிருந்து பாத்தர்ஸ்ட் மண் பாதி கீழே கொட்டியது. ஒட்டியிருந்த காய்ந்த பறவை எச்சமும் நகத்தால் உரசியதில் உதிர்ந்தது. எச்சத்தை ஈரமாக இருக்கும்போது துடைக்கவே கூடாது, காயட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

மிஞ்சியது அந்தப் பழுப்பு வளையம். பழைய சொந்தக்காரர் விட்டுப்போன வளையம் லேசாகத்தான் இருந்தது. அதன் மேல் நாலு மாதம் நான் தொப்பியைப் போட்டுக்கொண்டு சுற்றியதில் கரும்பழுப்பாகி, ரிப்பனையும் தாண்டி இரண்டு விரல் மேலே ஏறிவிட்டது. உடன் வேலை செய்பவர்கள் தொப்பியும் வருடக்கணக்கில் வியர்வை குடித்ததுதான், யாருக்கும் இப்படி இல்லை. காரணம் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை. அவர்கள் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை.

எனக்கு வைக்காமல் முடியாது. காங்கேயத்துக்காரனிடம் தேங்காய் எண்ணெய் வைக்காதே என்று சொல்வது பாலக்காட்டுக்காரரிடம் மட்டை அரிசி சாப்பிடாதே என்பது மாதிரி. எங்கள் ஊரைச் சுற்றித் தேங்காய்க் களங்களும் எண்ணெய் ஆலைகளும்தான். கொப்பரை காயும் வாசனையில்தான் வளர்ந்தேன். அம்மா வருடத்துக்கு ஒருமுறை யார் மூலமாவது இரண்டு லிட்டர் கொடுத்தனுப்புகிறார். அந்த எண்ணெய் என் தலையிலிருந்து தோல்பட்டைக்கும், பட்டையிலிருந்து ஃபெல்ட்டுக்கும், ஃபெல்ட்டிலிருந்து ரிப்பனுக்கும் திரி ஏறுகிற மாதிரி ஏறியிருக்கிறது.

எண்ணெய்க் கறைக்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் மாவு. சோள மாவையோ முல்தானி மிட்டியையோ கறை மேல் கொட்டி, லேசாக அமுக்கி, ஒரு ராத்திரி விட்டால் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் தட்டி, பிரஷ் போட்டு எடுத்துவிடலாம். தொப்பி வெளிர் நிறம் என்பதால் மாவின் வெள்ளை தெரியாது என்ற தைரியத்தில் கைப்பிடி நிறையக் கொட்டினேன். மறுநாள் மாவு போட்ட வெள்ளையாகவே உதிர்ந்தது. இன்னொரு முறை. அதே வெள்ளை. மூன்றாவது முறை முல்தானி மிட்டி. வளையம் அசையவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசும்போது பேச்சுவாக்கில் புலம்பினேன். அம்மா தன் வாழ்நாளில் ஃபெல்ட் தொப்பியைத் தொட்டதில்லை.

“இப்ப அங்க குளிரா?”

“ஆமாம்மா. ஜூலைல இங்க குளிர்காலம். வீட்டுக்குள்ளயே பதினஞ்சு டிகிரிதான்.”

“அப்பறம் எப்படி எறங்கும்? எண்ணெ உறைஞ்சு கெடக்கும் கண்ணு. இங்கயே மார்கழில பாட்டில்ல கல்லாட்ட நிக்குது. வெயில்ல கொஞ்ச நேரம் வெச்சுப்போட்டு அப்பறமா மாவப் போடு.”

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் பாட்டிலைத் திண்ணை வெயிலில் வைத்து உருக்கித்தான் பள்ளிக்கூடம் போகும் வரை அம்மா எனக்குத் தலைசீவிவிட்டார். பல்கலைக்கழகப் பட்டம் வாங்கிய நான், உறைந்த கொழுப்பின் மேல் மாவைக் கொட்டிவிட்டு ஏன் உறிஞ்சவில்லை என்று மூன்று இரவு யோசித்திருக்கிறேன். கறை நீக்கும் குறிப்புகள் எழுதுகிறவர்கள் மனதில் இருப்பது சமையல் எண்ணெய் போலும். அது பெரும்பாலும் குளிரில் இப்படிக் கல்லாவதில்லை, அதனால்தான் நான் படித்த எதிலும் இது இல்லை.

மறுநாள் வடக்குப் பார்த்த ஜன்னலோரம் தொப்பியைக் கவிழ்த்து வைத்தேன். இந்தப் பாதி உலகில் வெயில் வடக்கிலிருந்துதான் வரும். பழக எனக்கு இரண்டு வருடம் ஆனது. ஒரு மணி நேரத்தில் ஃபெல்ட் கைக்கு இளஞ்சூடாக இருந்தது. அதே சோள மாவை அப்படியே ஜன்னலோரத்தில் வைத்துத் தூவினேன். சாயங்காலம் மாவு மஞ்சளித்து, கட்டி கட்டியாகப் பிட்டு மாதிரி உதிர்ந்தது. அந்தக் கட்டிகளைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதன் வேறு யாரும் இருக்க முடியாது. நாலு வெயில், நாலு மாவு. கரும்பழுப்பு வெறும் நிழலாக இறங்கியது.

இளஞ்சூடு என்றால் இளஞ்சூடுதான். அவசரப்பட்டு ஹீட்டர் முன்னாலோ வெயிலில் பூட்டிய காருக்குள்ளோ வைத்தால் உள்ளே இருக்கும் தோல்பட்டை சுருங்கும். பட்டை சுருங்கினால் தொப்பி முழுவதும் அதோடு இழுபடும். ஃபெல்ட்டைவிடத் தோல்தான் சூட்டுக்கு முதலில் பணிகிறது. தொப்பி சின்னதாகிவிட்டது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் காரின் பின்கண்ணாடி ஓரத்தில் தொப்பியை விட்டுப்போனவர்கள் என்பது என் ஊகம்.

எண்ணெய் போன பிறகுதான் அடியில் இருந்தது வெளியே தெரிந்தது. வெள்ளையாக, மேடும் பள்ளமுமாக, கடற்கரையில் அலை விட்டுப்போன கோடு மாதிரி உப்பு. வியர்வையில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு எங்கே போகும்? ஓதம் ஏறிய பழைய சுவரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஈரம் எந்த உயரம் வரை ஏறி நிற்கிறதோ அந்த விளிம்பில்தான் உப்புப் பூக்கும். தொப்பியிலும் அப்படியே. ஒரு தப்பும் இங்கேதான் நடக்கும். கோட்டை மட்டும் ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து, ஈரத்தோடு நகர்ந்து, ஈரம் நிற்கும் புது விளிம்பில் மறுபடி கோடு போடும். கறையை நீக்கவில்லை, குடிபெயர்த்திருக்கிறோம். நான் இரண்டு முறை குடிபெயர்த்தேன்.

சரியான வழி ஈரத்துக்கு விளிம்பே இல்லாமல் செய்வது. உச்சி முழுவதையும் ஆவியில் காட்டி, சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியால் ரிப்பனிலிருந்து மேல்நோக்கி ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். துணியின் சுத்தமான பக்கத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். தேய்க்கக் கூடாது; தேய்த்தால் என்ன ஆகும் என்று கரடியைக் கேளுங்கள். எண்ணெய் முதலில், உப்பு பிறகு என்ற வரிசையும் முக்கியம். எண்ணெய் இருக்கும் வரை தண்ணீர் உப்பைத் தொடவே முடியாது.

உள்பட்டையை வெளியே திருப்பி, ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, தோலுக்கான களிம்பு ஒரு பட்டாணி அளவு தடவினேன். களிம்பு தீர்ந்தபோது தேங்காய் எண்ணெய் தடவலாமே என்று ஒரு கணம் தோன்றியதைப் பதிவு செய்ய வெட்கப்படவில்லை.

அடுத்த விபத்து பொங்கல் அன்று. பூங்காவில் நம் ஆட்கள் ஐம்பது பேர், காகிதத் தட்டில் சாம்பார் சாதம், என் முழங்கால் மேல் தொப்பி. விளிம்பின் மேல் ஒரு ரூபாய்க் காசு அளவு மஞ்சள். பக்கத்திலிருந்த நண்பர் உதவி செய்யும் ஆர்வத்தில் கை கழுவும் சோப்பை ஒரு சொட்டு விட்டுத் துடைத்தார். மஞ்சள் இரத்தச் சிவப்பாக மாறியது. அவர் பயந்துபோய்விட்டார். எனக்குப் பயம் இல்லை. ஆரத்தி கரைத்த வீட்டில் பிறந்தவன். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன நிறமோ அதே நிறம்தான் மஞ்சளும் காரமான சோப்பும் சேர்ந்தாலும். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரை ஒற்றியதும் சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பியது. அந்த மஞ்சளை எடுக்க எந்த ரசாயனமும் வேண்டாம். மஞ்சளின் நிறம் வெயிலில் நிற்காது. வெள்ளை வேட்டியில் சாம்பார் பட்டால் அலசிவிட்டு வெயிலில் உலர்த்துகிறோமே, அதேதான். தொப்பியின் சாயமும் வெயிலில் வெளுக்கும் என்பதால் கறை அளவுக்கு ஓட்டை போட்ட அட்டையால் மற்ற இடத்தை மூடி வைத்தேன். ஜனவரி வெயில் ஐந்து நாளில் வேலையை முடித்தது. கோடை என்பதால் எண்ணெய்ப் பசைக்குத் தனியாக உருக்க வேண்டியிருக்கவில்லை.

தோற்றதும் ஒன்று உண்டு. மனை எல்லையில் முளைக்குச்சிகளில் எண் எழுதும் கறுப்பு மார்க்கர் விளிம்பில் ஒரு கோடு இழுத்துவிட்டது. காரில் கிருமிநாசினி இருந்தது, அதில் ஆல்கஹால் இருக்கிறது, ஆல்கஹால் மையைக் கரைக்கும். மூன்றும் உண்மை. நாலாவது உண்மைதான் தெரியாமல் போனது. தொப்பி விறைப்பாக நிற்க ஃபெல்ட்டுக்குள் பல நேரம் அரக்கு ஏற்றுவார்கள். நம் நாட்டுக் காடுகளில் பூச்சி சுரந்து மரக்கிளையில் படியும் அதே அரக்கு. மகாபாரதத்தில் மாளிகை கட்டினார்களே, அது. அரக்கு தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். கிருமிநாசினி மையைப் பாதி கரைத்தது, கூடவே விறைப்பையும் கரைத்து, இரண்டையும் சுற்றிலும் தள்ளிக்கொண்டு போய் ஒரு வட்டமாக உலர்த்தியது. நடுவில் தொளதொளவென்று, ஓரத்தில் அட்டை மாதிரி, நிறம் சாம்பலாக.

அதை உப்புத்தாளால் சரிசெய்தேன். சிரிக்க வேண்டாம். தொழிற்சாலையிலேயே ஃபெல்ட்டை வழவழப்பாக்குவது மிக நுண்ணிய உப்புத்தாளால்தான். நானூறாம் எண் தாளை விரலில் சுற்றி, எடையே இல்லாமல், இடஞ்சுழியாக. கறைபட்ட மயிர் நுனி பொடியாக உதிர்ந்து, அடியிலிருந்து புது மயிர் தெரிகிறது. ஆழமான கறை போகாது. ரொம்பத் தேய்த்தால் தொப்பி மெலிந்து ஓட்டை விழும். சாம்பல் நிழல் இன்றும் இருக்கிறது. தொப்பியைப் போட்டிருக்கும்போது எனக்கு வலது பக்கம் நிற்பவருக்கு மட்டும் தெரியும்.

இனி வடிவம். எனக்குப் பிடித்த பகுதி இது. கறை நீக்குவதில் பொறுமை மட்டும் போதும். வடிவத்துக்குக் கை வேண்டும்.

மெல்பர்னில் ஃபிளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு பழைய தொப்பிக் கடை இருக்கிறது. வேலையாகப் போனபோது உள்ளே நுழைந்து, வாங்கும் உத்தேசம் இல்லாமல் அரை மணி நேரம் நின்றேன். வாடிக்கையாளர் ஒருவருடைய தொப்பியைக் கடைக்காரர் ஆவியில் காட்டினார். ஏழெட்டு நொடிதான். விறைப்பாக இருந்த தொப்பி கைக்குள் சப்பாத்தி மாவு மாதிரி குழைந்தது. உள்ளங்கை ஓரத்தால் உச்சியில் ஒரு பள்ளம், இரண்டு விரலால் முன்பக்கம் ஒரு கிள்ளு, பிறகு எதுவும் செய்யாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வேலை என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

கெரட்டினுக்குள் சில பிணைப்புகள் சூட்டிலும் ஈரத்திலும் விட்டுப்போகும், உலர்ந்து ஆறும்போது மறுபடி பிடித்துக்கொள்ளும். சலூனில் சுருட்டை முடியை இஸ்திரி போட்டு நீட்டுவதும் இதே கணக்கு. ஆவியில் வடிவம் கலைகிறது. ஆறும்போதுதான் வடிவம் பிறக்கிறது. ஆறுவதற்குள் கையை எடுத்தால் அது தன் பழைய நசுங்கலுக்கே திரும்பும். என் வீட்டு முயற்சிகள் முதலில் தோற்றதெல்லாம் இங்கேதான். ஆவியை நிறையக் காட்டிவிட்டு, பிடிக்க வேண்டிய ஒரு நிமிடத்தில் அவசரப்பட்டேன்.

வீட்டில் செய்ய மின்கெட்டில் போதும். மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். கொதிநீர்த் துளி தெறித்தால் அந்த இடத்தில் புள்ளி விழும். நசுங்கலை வெளியிலிருந்து இழுக்காமல் உள்ளிருந்து விரலால் தள்ள வேண்டும். நெளிந்த விளிம்புக்கு மேசையில் துண்டு விரித்து, விளிம்பைத் தட்டையாக வைத்து, மேலே ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்து வைத்து எடுக்கலாம், இழுக்கக் கூடாது. அப்பளம் சரியானது.

நடுவில் ஒரு எச்சரிக்கை. ரொம்பப் பழைய தொப்பி, அதாவது 1940களுக்கு முந்தையது கையில் கிடைத்தால் சமையலறையில் ஆவி காட்டாதீர்கள். மயிர் நன்றாக இறுகுவதற்காக அந்தக் காலத்தில் பாதரச நைட்ரேட்டில் ஊறவைப்பார்கள். தொப்பித் தொழிலாளிகளுக்குக் கை நடுங்கும், பேச்சு குழறும், சித்தம் கலங்கும். அமெரிக்காவில் டான்பரி என்ற தொப்பி நகரத்தில் அந்த நோய்க்கு ஊர்ப் பெயரையே வைத்து டான்பரி நடுக்கம் என்றார்கள். அங்கே பாதரசத்தை நிறுத்தியது 1941இல்தான். அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய தொப்பிகள் பலவற்றில் இன்னும் பாதரசம் இருக்கிறது. அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பதே சரி.

என் தொப்பி அத்தனை பழையது இல்லை. ஆனால் சுருங்கியிருந்தது, என் தலைச் சுற்றளவு 58 சென்டிமீட்டர், அது 57ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. தொப்பிக்காரர்கள் மரக்கட்டை அச்சில் மாட்டி விரிப்பார்கள். என்னிடம் அச்சு இல்லை. சுற்றளவு 58ஐ π ஆல் வகுத்தால் விட்டம் பதினெட்டரை வருகிறது. சமையலறையில் அளவுகோலோடு அலைந்தபோது பால் காய்ச்சும் எவர்சில்வர் பாத்திரம் கிட்டத்தட்ட அதே விட்டத்தில் அகப்பட்டது. ஆவியில் காட்டி, பாத்திரத்தைக் கவிழ்த்து, அதன் மேல் தொப்பியை இறக்கி, ராத்திரி முழுவதும் விட்டேன். நில அளவைக்காரன் மூளையே மூளை என்று தூங்கப் போனேன்.

காலையில் அளந்தால் மிகச்சரியாக 58. தலையில் வைத்தால் நெற்றியில் வலிக்கிறது, காதுப் பக்கம் இரண்டு பக்கமும் விரல் நுழைகிறது. மனிதத் தலை வட்டம் இல்லை என்ற செய்தி அப்போதுதான் எனக்குக் கிடைத்தது. முன்பின்னாக நீளம், பக்கவாட்டில் ஒடுக்கம். அதுவும் ஆளுக்கு ஆள் வேறு. இதற்காகவே 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கான்ஃபார்மடர் என்று ஒரு கருவி செய்தார்கள். டைப்ரைட்டர் கட்டைகளைச் சுற்றிலும் நட்டு வைத்த கிரீடம் மாதிரி இருக்கும். தலையில் மாட்டினால் ஒவ்வொரு கட்டையும் மண்டையின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப நகர்ந்து, மேலே ஒரு சிறு அட்டையில் தலையின் வரைபடத்தைக் குத்திக் கொடுக்கும். எல்லைக்கல் நடுகிறவன் எனக்கு அந்தக் கருவி மேல் வந்த ஆசையை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

கருவி இல்லாதவர்களுக்குப் பழைய வழி ஒன்று உண்டு. தொப்பியை மீண்டும் ஆவியில் காட்டி, உள்பட்டை ஈரமாக இருக்கும்போதே தலையில் வைத்துக்கொண்டு, அது முழுவதும் உலரும் வரை கழற்றாமல் இருப்பது. உங்கள் தலைதான் அச்சு. வெயிலில் நின்றால் சீக்கிரம் உலரும், ஆனால் வேகமாக உலர்ந்தால் பட்டை சுருங்கும் என்பதால் நிழலில்தான். மூன்று நாளாக நான் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. சுத்தம் செய்த பட்டையில் மறுபடி எண்ணெய் இறங்கிவிடக் கூடாது என்று. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தொப்பியை வைத்தேன். தோசை ஊற்றினேன், பாத்திரம் கழுவினேன், மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். கூரியர்க்காரர் வந்து கையெழுத்து வாங்கும்போது என் தலையைப் பார்த்தார், கீழே லுங்கியைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அம்மா வீடியோவில் வந்தார்.

“ஊட்டுக்குள்ள என்னத்துக்குக் கண்ணு தொப்பி? மழை பேயுதா?”

“இல்லம்மா. தலைக்கு அச்செடுக்கறேன்.”

அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு திரையை நெருங்கி வந்து பார்த்தார்.

“தலைக்கு எண்ணெ வெச்சியா?”

“வைக்கலம்மா.”

“அதானே பார்த்தேன். மூஞ்சியெல்லாம் காஞ்சு கெடக்குது.”